நல்ல கண்ணை மூடியவர்

எண்பதுகளில் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஒரு கண் டாக்டர் இருந்தார். குள்ளமான மனிதர். பிள்ளைகளைப் பார்க்கும்போது தரையில் குந்திவிடுவார். என் ஏழு வயது மகளுக்கு இடது கண் மங்கல். அவரோ வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, "தினம் இப்படி ஒட்டும்மா" என்றார். ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம். அவசரத்தில் கண்ணை மாற்றிவிட்டார் என்று நினைத்து, வீட்டில் இடது கண்ணிலேயே ஒட்டினேன்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தவர், "நீ எந்தக் கண்ணை மூடினேம்மா?" என்றார்.

"நோவு கண்ணைத்தாங்க மூடிக்கினு வந்தேன்."

"நல்லதை மூடினாத்தான் மங்கல் கண்ணு பார்க்கப் பழகும். நான் சொல்லாம விட்டுட்டேன். பழகற வயசு தாண்டிடுச்சு, இனிமே தேறாதும்மா."

அடுத்து வந்த பிள்ளைக்கு ஒட்டும்போது, "ஏன் மூடுறேன்னு புரியுதா?" என்று அதன் தாயைக் கேட்டார். அவளும் என்னைப் போலச் சும்மா தலையாட்டினாள். அவர் விடாமல் முதலிலிருந்து சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.