கலப்பு என்று எழுதினால்

"...கலப்பெண்டு நான் எழுதினால், அந்த மான் பட்டியை முழுக்கச் சுட்டுப்போடுவினம் அத்தான். எழுதாட்டி, அதுகள் மற்றதுகளோடை சேர்ந்து, அசல் எண்டு ஒண்டுமே மிஞ்சாது."

என் மனைவியின் தங்கை இதைச் சொன்னது நாங்கள் குடியேறிய பாபடோயிட்டோய் புறநகரில் எங்கள் வீட்டுக் குசினியில், ஒரு ஞாயிறு மத்தியானம். நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. தென்னாப்பிரிக்க மான்களின் காதுத் தோல் துணுக்குகள் அங்கே வரும். எது எந்த இனம் என்று அவள் சோதித்துச் சொல்ல வேண்டும்.

பொன்டெபொக் என்று ஒரு மான். ஆப்பிரிக்காவின் தெற்கு நுனியில் மட்டும் உள்ளது. வேட்டையாடி வேட்டையாடி ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டதாம். இன்றுள்ளவை எல்லாம் அந்தச் சிலவற்றின் வழி வந்தவை. "எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளையள் மாதிரி. ஒரு நோய் வருத்தம் வந்தால் எல்லாத்துக்கும் வரும்" என்பாள். அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்போல பிளெஸ்பொக் என்று இன்னொன்று. அது தூரத்து மேட்டு நிலத்தில் வாழ்ந்தது. இரண்டும் சந்தித்ததே இல்லை. மனிதர்கள்தான் லொறியில் ஏற்றி வந்து ஒரே வேலிக்குள் விட்டார்கள். குட்டிகள் பிறந்தன.

இந்தத் தடவை துணுக்குகளை அனுப்பிய பண்ணைக்காரர் கூடவே அனுப்பிய படங்களை அவள் கைபேசியில் காட்டினாள். நெற்றியில் வெள்ளை, பின்புறம் வெள்ளை. எனக்கு எல்லாம் ஒன்றுதான். விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றும் மதுரைக்காரர், "மூஞ்சியப் பாத்தே எந்த ஊர்க்காரன்னு சொல்லிருவேன் சார்" என்பார். என்னை இரண்டு தடவை கேரளாக்காரன் ஆக்கியவர் அவர்தான்.

"முகத்திலை ஒண்டும் தெரியாது அத்தான். உள்ளுக்கை கலந்திருக்கு" என்றாள் அவள்.

மேசையின் மறுபக்கம் என் மகள் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறைமாதம். அவள் கணவன் சமோவாக்காரன். அன்று வேலைக்குப் போயிருந்தான். மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு வேறை கதையே இல்லையோடி? பிள்ளை இருக்கிறாள்."

ஆட்கள் சொல்லும் கதைகளைச் சொன்னபடியே நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். அதில் ஒரு கரைச்சல் உண்டு, வேண்டாததும் தங்கிவிடும். மகளின் கலியாணத்தன்று ஹோலில் ஒரு அம்மா பாயசத்தை வழித்துக்கொண்டே கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது: "நல்ல பெடியன்தான். பிறக்கிறதுகள் என்ன கணக்கிலை வரும்?"

மகள் கத்தியை வைத்தாள். "ஆர் தே சிக், சித்தி?" குட்டிகளுக்கு நோயா என்று அவளுக்கு வரும் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. நல்ல உரமான குட்டியள்."

"சோ, வை ஷூட் தெம்?"

"சுடுறது நானில்லை. நான் எழுதிக் குடுக்கிறது மட்டும்தான்."

"சேம் திங், சித்தி."

தங்கைக்காரியின் முகம் சிவந்தது. "மனுசரையும் மானையும் ஒண்டாக்காதை. மனுசரிலை அசல் எண்டு ஒண்டும் இல்லை. ஆனா இதுகள் அந்தத் தெற்குக் கரையிலை இல்லாமல் போனால் உலகத்திலை வேறை எங்கையும் இல்லை. அதை நான் எப்பிடிச் சொல்லாமல் விட?"

மகள் மறுபடி கத்தியை எடுத்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தங்கைக்காரி சொன்னதில் பிழை இல்லை என்று தெரிந்தது. 'கலப்பு' என்ற சொல்லை இந்த மேசையில் கேட்கப் பொறுக்கவும் முடியவில்லை.

"உங்கடை ஆய்வுகூடப் பெரியவர் என்ன சொல்லுறார்?" என்று கடைசியில் கேட்டேன்.

"முடிவை மட்டும் எழுதட்டாம். அதுக்குப் பிறகு நடக்கிறது எங்கடை வேலை இல்லையாம். நாளைக்குக் குடுக்கவேணும்."

பிறகு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள். பண்ணையின் பெயருக்கு நேரே 'கலப்பு' என்று போட்டாள். அதற்குக் கீழே, ஒருவரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தாள்: கிடாய்களைப் பெட்டைகளிடமிருந்து பிரித்து வைத்தால் போதும், சுடத் தேவையில்லை, இருக்கிறவை இருந்து கிழடாகட்டும். அதை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள், மகளின் முகத்தைப் பாராமலே. பிறகு, நாளை வரை வைத்திருக்காமல், அப்போதே அனுப்பிவிட்டாள்.