கப்பல்காரர் எழுதாமல் விட்ட சொல்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பட்டறைக்குப் பின்லாந்து எஃகு வந்திறங்கியது. வழக்கம்போலக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து உளி செய்தோம். முதல் அடியிலேயே உடைந்தது. எஃகோடு வந்த, தோய்க்கும் முறையைச் சொல்லும் தாள் பின்லாந்து மொழியில் இருந்தது. குமாஸ்தாவான நான் மூன்று நாள் அலைந்து, கிள்ளான் துறைமுகத்துக் கப்பலொன்றில் ஆளைப் பிடித்தேன். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் பின்லாந்துக்காரர். புருவம் தீய்ந்த முகம். எந்த இரும்பைக் கண்டாலும் தட்டிக் காது கொடுப்பார்.

தாளை மளமளவென்று ஆங்கிலத்தில் எழுதியவர், ஒருமுறை தோய்த்த எஃகை மறுபடி சூடாக்கும்போது அது காட்டும் நிறத்தின் பெயரில் நின்றுவிட்டார். ஆங்கிலச் சொல் தெரியவில்லை.

“மஞ்சள் என்று போடுங்களேன்,” என்றேன்.

“மஞ்சளில் எத்தனையோ உண்டு. உளி உடைந்து தெறித்தால் யார் கண் போகும்? பட்டறைக்குக் கூட்டிப் போ, எஃகிலேயே அந்த நிறத்தைக் காட்டுகிறேன்.”

ரயிலேற்றிக் கூட்டி வந்தேன். பட்டறையில் எஃகு வந்த பெட்டியைக் கண்டதும் பாய்ந்து, உள்ளே திணித்திருந்த வைக்கோலில் ஒன்றை உருவி, “இந்த நிறம்!” என்று கத்தினார்.

“அட, வைக்கோல் நிறமா! இத மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்று கொல்லர் அண்ணன் துருத்தியை மிதித்தார். ஒருமுறை காய்ச்சித் தோய்த்த எஃகை மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, முனையில் அந்த நிறம் ஏறியதும் மீண்டும் தோய்த்தார். புது உளி தண்டவாளத்தையே கடித்தது. பட்டறை ஆர்ப்பரித்தது.

தாளில் காலியாக விட்ட இடத்தில் பின்லாந்துக்காரர் சொல் எதுவும் எழுதவில்லை. அந்த வைக்கோலையே பசை தடவி ஒட்டிவிட்டுக் கப்பலுக்குப் போனார். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. வைக்கோல் மட்டும் இன்னும் ஒட்டியிருக்கிறது.