விமானம் இல்லாத கம்பெனியின் விமானம்

போன செவ்வாய்க்கிழமை என் தம்பி சேகரன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே கேட்டான்.

“அக்கா, பினாங்குல எந்தெந்தக் கம்பெனி சொந்தமா பைலட் வெச்சிருக்குனு உனக்குத் தெரியுமா?”

மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

சேகரன் பதினெட்டு வருடம் விமானம் ஓட்டியவன். தோளில் நான்கு கோடு போட்ட கேப்டன். ஏர்லைன்ஸில் ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த தகுதிச் சோதனைக்குள் எங்காவது சேர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் லைசன்ஸ் பையில் இருக்கும்... ஆனால் பறக்க முடியாது. அதனால்தான் சொந்த விமானம் வைத்திருக்கிற கம்பெனிகளைத் தேடிக்கொண்டிருந்தான்.

பிறை தொழிற்பேட்டையிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை ஒரு எச்.ஆர். பாக்கியில்லை, எல்லோருக்கும் மெயில் போட்டிருக்கிறான். பதில் அனுப்பியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு — ‘எங்கள் நிறுவனத்தில் விமானம் இல்லை.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரி என் பழைய சிநேகிதி ஆயிற்றே!

முப்பது வருடத்துக்கு முன்னால் நான் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனியில் சேர்மனுக்கு ஸ்டெனோ. உயரமான கூரை, சோம்பேறி ஃபேன், ஜன்னலைத் திறந்தால் ஃபெர்ரியின் ஹாரன். அந்தக் கம்பெனிக்கு இரண்டு எஞ்சின் வைத்த ஒரு குட்டி விமானம் இருந்தது. பஹாங், கிளந்தான் தோட்டங்களைப் பார்க்க சேர்மன் அதில்தான் போவார். ஓட்டுகிறவர் கேப்டன் தியோ.

ஆபீஸில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஏனென்றால் விமானம் வேறொரு சின்னக் கம்பெனியின் பெயரில் இருந்தது. அந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால், குடை மாட்டுகிற ஆணிக்குக் கீழே தொங்கும். கேப்டனின் லீவு விண்ணப்பம் வருவது டிரைவர்கள் ஃபைலில்! முதலில் சேர்மனின் கார் டிரைவர் முனியாண்டி அண்ணன், அடுத்தது கேப்டன் தியோ. சட்டைத் துணிகூட இருவருக்கும் ஒரே நிறம். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பறக்கிற நாளில் காலையிலேயே ஒரு எவர்சில்வர் டின் நிறைய உளுந்து வடை வாங்கி முனியாண்டி அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன். சேர்மனுக்கு வானத்தில் வடை வேண்டும். சில நாள் அந்த டின் ரம்புத்தான் பழத்தோடு திரும்பி வரும் — கேப்டன் உபயம். அதைத் திறக்கிற சந்தோஷம் இருக்கிறதே... இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது. வேலையை விட்டபோது நான் கேட்டு வாங்கி வந்தது அந்த டின்னை மட்டும்தான். ஆனால் அந்த விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அது இன்றுவரை எனக்குக் குறைதான்.

அப்படி வடை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு காலையில் என் மேஜையில் ஒரு கடித நகல் கிடந்தது. பைலட் வேலை கேட்டு எழுதிய யாருக்கோ, அந்தக் கால எச்.ஆரான பர்சனல் டிபார்ட்மென்ட் அனுப்பிய பதில். ‘எங்கள் நிறுவனத்தில் விமானம் இல்லை.’ எழுதியவர் பொய் சொல்லவில்லை. பாவம், அவருக்கே தெரியாது!

தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. சேர்மன் ஆபீஸ் விஷயம் வெளியே போகக்கூடாதே. அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவரின் முகத்தை அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது அந்த முகம் என் எதிரே, என் தம்பியின் முகமாக உட்கார்ந்திருந்தது. வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

“எச்.ஆருக்கு எப்படி லா தெரியும்? டிரைவருங்ககிட்ட கேளு” என்றேன்.

“எந்த டிரைவரு?”

“மொதலாளிய ஏத்திட்டுப் போக ஏர்போர்ட்ல நிப்பாங்களே, அவங்க.”

அவன் முகம் இறுகியது. “அக்கா, நான் கேப்டன். டிரைவர்கிட்ட போயி நிக்கச் சொல்றியா?”

“நீ நிக்க வேணாம். நான் நிக்கிறேன், வா.”

மறுநாள் காலை பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டுக்குப் போனோம். சின்ன விமானங்கள் இறங்குகிற பக்கத்தில் ஒரு கேட், எதிரே ஒரு ஒட்டுக்கடை. வெளியே பளபளவென்று மூன்று கார்கள், உள்ளே தே தாரிக் டீயோடு மூன்று டிரைவர்கள். சேகரன் காரை விட்டு இறங்கவே இல்லை.

நான் போய், இருப்பவர்களில் மூத்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணே, யாருக்குக் காத்திருக்கீங்க?”

“எங்க மொதலாளி டத்தோ பத்து மணிக்கு எறங்குறாரு.”

“கம்பெனி விமானமா?”

“ஆமா லா. ரெண்டு கேப்டன் இருக்காங்க. பெரியவரு வர்ற மாசம் ரிட்டையராவுறாரு. ஆள் தேடுறாங்க, ஆனா பேப்பர்ல எல்லாம் போட மாட்டாங்க.”

எச்.ஆர். அறியாத ரகசியம், ஒரு தே தாரிக் ஆறுவதற்குள்!

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “கார்ல யாரும்மா அது? பெரிய மனுசன் மாதிரி உக்காந்திருக்காரு?”

என்ன சொல்வது? நான் தடுமாறுவதற்குள் கார்க் கதவு திறந்தது. சேகரன் நேராக வந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நானும் டிரைவர்தாண்ணே. ஏர்லைன்ஸ்ல ஓட்டுனேன். வேலை போச்சு. உங்க கேப்டன் நம்பர் கிடைக்குமா?”

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். இன்னொரு தே தாரிக் சொன்னார். பிறகு போனை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கடைக்காரரிடம் புகை என்று சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை சேகரனுக்கு அழைப்பு வந்தது. கூப்பிட்டது எச்.ஆர். இல்லை, டத்தோவின் செக்ரட்டரி. திங்கட்கிழமை இன்டர்வியூ. வேலை இன்னும் முடிவாகவில்லை.

நான் டின்னைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை வடையோடு நானும் ஏறுவதாக இருக்கிறேன்!