ஆசிட் தின்ற வாளி

கொல்லையில் ஒரு தகர வாளி கிடக்கிறது. அடியில் பொடிப்பொடியாக ஓட்டைகள். தூக்கிப் போடச் சொல்கிறார்கள் பேரப்பிள்ளைகள். விடுவேனா? என் மனைவி தன் முதல் சம்பளத்தில் ஈப்போவில் வாங்கிய வாளி அது. ஓட்டை போட்ட மகராசன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் பால்மரம் சீவினாள். நான் ரப்பர் ஸ்டோரில் பால் உறைய ஆசிட் கலப்பவன். பீங்கான் சாடியில்தான் கலக்க வேண்டும். கல்யாணமான மூன்றாம் மாதம் அந்தச் சாடியைக் கைதவறிப் போட்டு உடைத்தேன். ரப்பர் விலை விழுந்து, சின்னத் தப்புக்கெல்லாம் ஆளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஊரில் அவளுக்கென்று ஒருவருமில்லை. பயத்தில் யாரிடமும் மூச்சு விடாமல் துண்டுகளைப் புதைத்துவிட்டு, அவளுடைய வாளியைத் தூக்கிப் போனேன்.

முதல் நாள் தண்ணீர் நிறைய விட்டு நீர்க்கக் கலந்தேன். ஓரத்தில் நாலு குமிழி, அவ்வளவுதான். தடயம் தெரியக்கூடாதே என்று மணல் போட்டு மினுமினுக்கத் தேய்த்து வீட்டில் வைத்தேன். அங்கேதான் கெட்டது. வாளியின் மேல்பூச்சு அந்தத் தேய்ப்பில் பாதி போய்விட்டது. மறுநாள் அடைமழை. குளிரில் பால் சீக்கிரம் உறையாது என்று ஆசிட்டைக் கெட்டியாக ஊற்றி, வெந்நீரும் சேர்த்தேன். ஐயோ, அந்த இரைச்சல்! நேற்றுச் சும்மா கிடந்த வாளி சோற்றுப்பானை போலப் பொங்கியது. மணல் கீறிய இடத்தில்தான் அதிகம். பதறிப்போய் அப்படியே ஸ்டோரில் ஒளித்து வைத்தேன். காலையில் அடியெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது.

வாளியைத் தேடி அவளே வந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் மறைத்தேன், குதிகாலில் ஆசிட் சொட்டியது. அவள் வாளியைப் பார்க்கவேயில்லை. என் கைகளைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினாள்.

“வாளி கெடக்குது. கை வெந்துச்சா, சொல்லுங்க.”

அழுதுகொண்டே சாடி உடைந்த கதையைச் சொன்னேன்.

“நேராப் போயி கிராணிகிட்ட சொல்லிருங்க. அனுப்புனா ரெண்டு பேரும் ஒண்ணாதானே போவோம்?”

போனேன். “மடையா! தகரத்துல கலந்த பால தொர பாத்தா எனக்கும் சேத்துல்ல சீட்டு கிழியும்!” என்று ஸ்டோர்க் கணக்கெழுதும் கிராணியார் கத்தினார். கத்திவிட்டுப் புதுச் சாடி எடுத்துக் கொடுத்தார்.

வாளியை அவள் விடவில்லை. மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்க வைத்துக்கொண்டாள். தூக்குவது நான். “ஓடுங்க, ஓடுங்க, கடைசிச் செடி காயுதுலா!” என்று பின்னாலிருந்து சிரிப்பாள்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இன்று காலையும் வாளியை நிரப்பிக்கொண்டு நடந்தேன். கடைசிச் செடிக்குப் போவதற்குள் காலி. ஓடச் சொல்ல ஆளில்லை, ஓட்டமும் வரவில்லை.