துளைக்குள் மாப்பிள்ளை

வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடியோக் கடையில் வேலை செய்தேன். முதலாளி கம்ப்யூட்டரில் படங்களை அமைப்பார். அச்சாகி வரும் அட்டைகளை வெட்டி, மடித்து, சீடிப் பெட்டிக்குள் நுழைப்பது என் வேலை. அட்டை ஒரு நூல் பெரிதானாலும் மூடி வாய் திறந்தபடியே நிற்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், கூச்சக்காரன். வாடிக்கையாளரின் முகம் பார்க்காமல் செய்யலாம் என்பதால் அந்த வேலை பிடித்திருந்தது.

சீடியின் மேலும் மணமக்களின் படத்தை அச்சடிப்போம். பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை மறுபக்கம், நடுவில் துளை. அதற்கென்றே இருவரையும் சற்று விலக்கி நிறுத்தி ஒரு படமாவது எடுப்பார்கள்.

என் கலியாணத்தில் அது நடக்கவில்லை. கமராவைக் கண்டதும் நான் மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். எல்லாப் படங்களிலும் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஐசே, துளை ஒரு தலையை எடுக்கும். ஆரின்ரை தலையை எடுக்க?" என்று முதலாளி கேட்டார்.

"என்ரையை எடுங்கோ." யோசிக்கவே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அச்சடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவியின் அண்ணா கனடாவில் இருந்தார். விசா கிடைக்காததால் கலியாணத்துக்கு வரவில்லை. தங்கையைக் கட்டியவன் எப்படி இருப்பான் என்று பார்க்க இந்தச் சீடிக்காகத்தான் காத்திருந்தார்.

மனைவி பெட்டியைத் திறந்தாள். "வேட்டி தெரியுது, மாலை தெரியுது. ஆள் எங்கை?"

"துளைக்குள்ளை."

"இதை அண்ணாவுக்கு எப்பிடி அனுப்பிறது?"

"வீடியோவிலை இருக்கிறன்தானே."

"வீடியோவிலை உங்கட உச்சந்தலைதான் இருக்கு. ஒருக்காலும் நிமிரேல்லை. என்னைக் கட்டினவரை அண்ணாவுக்குக் காட்ட எனக்கு ஆசை இல்லையோ?"

அவள் சீடியைக் கழற்றிவிட்டு, வெறும் பெட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சீடி உட்காரும் தட்டு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

"இந்த நடுக் குமிழுக்கு நேரே, தட்டுக்குக் கீழை வாற பின்னட்டையிலை உங்கட முகத்தை வைச்சால் துளைக்குள்ளாலை தெரியும்தானே?"

அத்தனை காலம் பெட்டிகளோடு இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

அதற்கென்று தனியாக ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. மனைவி கமராக்காரருக்குப் பின்னால் நின்றாள். "நிலத்தைப் பாக்காதேங்கோ. சுவரையும் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ." பார்த்தேன்.

முகத்தை நகத்தளவுக்குச் சுருக்கி அச்சடித்து, பின்னட்டையை நானே வெட்டி நுழைத்தேன். சீடியை வைத்ததும் மாலைக்கு மேலே என் முகம் வந்து உட்கார்ந்தது. சீடியைப் பிடிக்கிற பிளாஸ்டிக் பற்கள் சுற்றிவர நின்றதால், மறியல் கம்பிகளுக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் கைதி போல இருந்தேன். ஆனாலும் ஆள் தெரிந்தது.

பெட்டி கிடைத்ததும் அண்ணா கோல் எடுத்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்பிள்ளை வடிவாத்தான் இருக்கிறார், தங்கச்சி. ஆனா வீடியோ பாப்பமெண்டு சீடியை எடுத்தால், ஆள் பெட்டியை விட்டு வாறார் இல்லை. வீட்டிலையும் இப்பிடியோ?"

"ஓம் அண்ணா. இழுத்துத்தான் எடுக்க வேணும்."

இப்போது எங்கள் வீட்டில் சீடி போடும் மெஷின் இல்லை. வருகிறவர்களுக்கு மனைவி பெட்டியை மட்டும் திறந்து காட்டுகிறாள். அந்த நேரங்களில் நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பேன்.