தொண்ணூற்றேழாம் எண் கடிதம்

வக்கீலின் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில், ஆட்டோவில் ஏறி என் வீட்டுக்கு வந்தன. பெட்டியை இறக்கி வைத்தபோது என் மனைவி, "ரிட்டயர் ஆயி ஆறு வருசம் ஆவுது. கோர்ட்டு இன்னும் பின்னாலயே வந்துக்கினு இருக்குது" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. எனக்குத்தான் உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

நான் திண்டிவனத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்றவன். சிரஸ்தார் என்றால் நீதிமன்றத்துக்குள் வரும் காகிதங்களுக்கெல்லாம் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். பக்க எண் இல்லாத மனு, விவரம் போதாத அட்டவணை, எதிர்த்தரப்புக்கு நகல் கொடுக்காத விண்ணப்பம் எல்லாவற்றையும் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. நீதி வழங்குவது மாடியில் நடந்தது. அதைத் தாமதப்படுத்துவது என் மேசையில் நடந்தது. இரண்டும் சட்டப்படிதான்.

அந்த வக்கீல் இறந்து அப்போது இரண்டு வருடம். தென்னாற்காடு மாவட்டத்தை 1993இல் பிரித்து, புது மாவட்டத்துக்கு விழுப்புரத்தைத் தலைநகராக்கியபோது, "திண்டிவனத்துக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டு ஒரு கமிட்டி அமைத்தவர். கமிட்டியில் ஏழெட்டு வக்கீல்கள். எழுதியவர் இவர் ஒருவர்தான். அமைச்சருக்கு எழுதினார், ஆட்சியருக்கு எழுதினார், பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதினார். ஒருநாள் பந்தல் போட்டு உண்ணாவிரதமும் இருந்தார். "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது" என்று பதில்கள் வந்தன. பரிசீலனை என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பதிலையும் பத்திரமாகத் துளையிட்டுக் கோப்பில் கோர்த்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் மனைவி விழுப்புரத்துக்காரர். அங்கேயே அரசுப் பள்ளியில் டீச்சர், தாய்வீட்டில் வாசம். வக்கீல் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி விழுப்புரம் போவார். திங்கள் காலை முதல் பஸ்ஸில் கோர்ட்டுக்குத் திரும்புவார். நடுவில் ஏதாவது சொல்லவேண்டும் என்றால் கடிதம்தான். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தைக் கடிதம் இரண்டு நாளில் கடந்தது. வீட்டில் தொலைபேசி வந்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. போனில் பேசியதற்கு நகல் கிடையாது என்பது அவர் கட்சி.

டீச்சர் ஓய்வுபெற்றுத் திண்டிவனத்துக்குக் குடிவந்தபோது, கணவர் எழுதிய கடிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பையை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வக்கீல் அன்று சாயங்காலமே அதைப் பிரித்து, தேதிவாரியாக மற்றக் கடிதங்களோடு சேர்த்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் எண். தொண்ணூற்றாறு, வருவாய்த்துறை அமைச்சருக்கு. தொண்ணூற்றேழு, மனைவிக்கு. தொண்ணூற்றெட்டு, மாவட்ட ஆட்சியருக்கு. உயிரோடு இருக்கும்போதே பெட்டியையும் தன் கையால் எழுதிய எண் பட்டியலையும் கமிட்டியிடம் ஒப்படைத்துவிட்டார். அங்கே யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்கும் முன் கொடுத்துவிட்டதால் டீச்சருக்கு ஆட்சேபம் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

கமிட்டியின் இப்போதைய செயலாளர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தவர். அவர் மகள் அமெரிக்காவில் இருந்தாள். அந்நாட்டின் ஆரம்ப காலத்து வக்கீல் ஒருவரின் கடிதத் தொகுப்பை அவள் வாங்கி அனுப்பியிருந்தாள். தலையணை கனம். முதல் பாகம் சொந்தக் கடிதங்கள், இரண்டாம் பாகம் அரசியல் கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு. செயலாளர் அதைக் கையில் தூக்கிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார்.

"நம்ம சீனியர் இந்த ஆளுக்கு எதுல கொறைச்சல் சார்? இதே மாதிரி ரெண்டா பிரிச்சிக் குடுங்க. அரசியல் பாகத்த மொதல்ல அச்சுக்குக் குடுத்துட்டு, வெளியீட்டு அன்னிக்கே கோர்ட்டு லைப்ரரியில அவரு படத்தையும் தொறந்துடலாம். உங்களவிட்டா காயிதம் தெரிஞ்ச ஆளு யாரு கீறாங்க?"

புகழ்ச்சி என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். அமெரிக்கரின் புத்தகத்தையும் இரவல் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் மனைவிக்கு வேறு, கட்சிக்காரர்களுக்கு வேறு என்று ஒழுங்காக எழுதியிருந்தார், அல்லது தொகுத்தவர் அப்படி ஆக்கியிருந்தார். நம்மவரிடம் அந்த ஒழுங்கு இல்லை. அமைச்சருக்கு எழுதிய மனுவின் கடைசிப் பத்தியில் தன் மாமனாரின் முழங்கால் வலியைக் காரணம் காட்டி விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் பத்திகளுக்கு எண் போட்டிருக்கிறார். "3. தீபாவளிக்குப் புடவை எடுப்பது தொடர்பாக" என்று தொடங்கும் காதல் கடிதத்தை நான் முதல்முறையாக அங்கேதான் படித்தேன்.

இருந்தாலும் பெறுநர் பெயரை வைத்து இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டே போனேன். தொண்ணூற்றேழில் நின்றேன்.

உண்ணாவிரதம் முடிந்த மறுநாள் எழுதியது. எலுமிச்சைச் சாறு குடித்ததும் வயிறு சங்கடப்பட்டது என்று ஆரம்பிக்கிறது. பிறகு இப்படி: "மேடையில் சொன்னதை எல்லாம் பத்திரிகையில் பார்த்திருப்பாய். உனக்கு மட்டும் எழுதுகிறேன். தலைநகர் விழுப்புரத்துக்குப் போனதில் தப்பில்லை. ரயில் அங்கேதான் நிற்கிறது. நீயும் அங்கேதான் இருக்கிறாய்."

இது சொந்தமா, அரசியலா? எந்த அடுக்கில் வைத்தாலும் மற்ற அடுக்கு ஆட்சேபிக்கும் போலிருந்தது. மேசைமேல் தனியாக வைத்து, மேலே மூக்குக்கண்ணாடிப் பெட்டியைப் பாரமாக வைத்தேன்.

பெட்டி என்னிடம் வந்தது தெரிந்து, இரண்டு நாளில் டீச்சர் போன் செய்தார். கணவர் போன பிறகு விழுப்புரம் வீட்டுக்கே திரும்பிவிட்டிருந்தார். நேரில் வரச் சொன்னார். போனேன். வேகவைத்த மல்லாட்டைக் கடலையை ஒரு தட்டில் வைத்து என் முன் தள்ளினார்.

"சிரஸ்தார் சார், எனக்கு எழுதினது நாப்பத்தொண்ணு இருக்கும். அதெல்லாம் எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. மத்தது போனாலும் பரவாயில்ல, பந்தல்ல குந்திட்டு வந்து எழுதினாரே, அது வெளிய போவக்கூடாது. லைப்ரரியில தன் படம் மாட்டணும்னு அவருக்கு ரொம்ப நாளா ஆசை. வாயத் தொறந்து சொன்னதில்ல. எனக்குத் தெரியும். அதப் படிச்சாங்கன்னா, 'ஊரை ஏமாத்தினவரு'ன்னுட்டுப் படத்த மாட்ட வுடமாட்டாங்க."

நியாயமான கோரிக்கை. என்னிடம் இருப்பது கமிட்டியின் பெட்டி என்பதால், கையில் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அதற்கு முறை இருக்கிறது. "ஒரு மனு குடுத்துடுங்க டீச்சர்" என்றேன்.

"என் புருசன் எனக்கு எழுதினதுக்கு நான் மனு குடுக்கணுமா?"

"நாளைக்கு நம்பர் விட்டுப்போச்சுன்னு ஒருத்தர் கேட்டா, காயிதம் பேசணும் இல்லீங்களா?"

சிரித்துக்கொண்டே பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, "என் வீட்டுக்காரர் எனக்கு எழுதிய கடிதங்கள் 41ஐத் திருப்பித் தரவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை வாங்கிப் படித்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஓரத்தில் 'விவரம் போதாது' என்று குறித்துத் திருப்பி நீட்டினேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் எண், தேதி, பொருள் எழுதிய அட்டவணை இணைக்க வேண்டும்.

"முப்பத்து மூணு வருசம் பசங்களுக்கு நான்தான் தப்பு போட்டேன்" என்றார் டீச்சர். "இப்ப எனக்கே போடறீங்க. அட்டவணைய நீங்களே எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

திண்டிவனம் வந்து மூன்று நாள் உட்கார்ந்து அட்டவணை தயாரித்தேன். சுத்தமான வேலை. எண் 52: புடவை தொடர்பாக. எண் 63: மாமனார் முழங்கால் தொடர்பாக. எண் 97: தலைநகர் விழுப்புரமாக அமைந்தது சரியே என்பது தொடர்பாக. டீச்சரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். கண்ணாடி உடைந்து பழுதுபார்க்கப் போயிருந்ததால் அவர் படித்துப் பார்க்காமல் நான் விரல் வைத்த இடத்தில் போட்டார். பிறகு, எந்த மனுவுக்கும் எதிர்த்தரப்புக்கு நகல் சார்வு செய்ய, அதாவது முறைப்படி சேர்ப்பிக்க, வேண்டும் அல்லவா? எதிர்த்தரப்பு கமிட்டி. செயலாளர் வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆனாலும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

தபால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கால் கழுவும்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. யார் கண்ணிலும் படக்கூடாத கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரே வரியில் சுருக்கி, முக்கியமாக யார் கண்ணில் படக்கூடாதோ அவர் விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வேறு கேட்டிருக்கிறேன், அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு எனக்கு அத்தாட்சி வேண்டும் என்று.

அட்டை மறுநாளே கையெழுத்தோடு வந்தது. அந்த ஒரு தடவை தபால்துறை வேகமாக வேலை செய்தது. பின்னாலேயே செயலாளர் போன் செய்து, படத்திறப்பைத் தள்ளிவைத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிப் பேச வேண்டும் என்றும் சொன்னார். குரலில் பழைய குழைவு இல்லை.

டீச்சரிடம் சொல்லத் தைரியம் வர ஒரு நாள் பிடித்தது. விழுப்புரம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவரும் இதேதான் பண்ணியிருப்பாரு" என்றார். "ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. முறையெல்லாம் பேசினவரைக்கும் போதும்."

லைப்ரரியில் கமிட்டிக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். சட்டம் போட்ட படம் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் திருப்பி வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. செயலாளர் எழுந்து டீச்சருக்கு நாற்காலி போட்டுவிட்டு, கையில் என் அட்டவணையை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தொண்ணூத்தேழு என்னாங்க இது? அவரு பின்னால வெயில்ல நின்னவங்க நாங்க. மேடையில ஒண்ணு, வூட்டுல ஒண்ணா?"

"ஏன் தம்பி, உங்க வூட்டுல மேடையில பேசறதத்தான் பேசறீங்களா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

"அப்படியில்லம்மா. இது பொது விஷயம்."

"எனக்கு சட்டம் தெரியாது" என்றார் டீச்சர். "அவரு சொல்லக் கேட்டதுதான். புருசன் பொண்டாட்டிகிட்ட சொன்னத கோர்ட்டுல சொல்லச் சொல்லிக் கேக்கலாமா தம்பி? உங்களுக்குத்தான் சொல்லிக் குடுத்திருப்பாரே."

செயலாளருக்கு அருகில் இருந்த முதியவர், "சாட்சியச் சட்டம், நூத்தி இருபத்திரெண்டாவது பிரிவு. கேக்கக்கூடாது" என்றார், யாரோ தன்னிடம் கேள்வி கேட்டதுபோல. மற்றவர்களும் தலையாட்டினார்கள். கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் வக்கீல்கள். கட்சியைவிடப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவர்கள். கடிதம் மூன்றாம் நபர் கையில் சிக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு செல்லுமா என்பதற்கு வேறு மாதிரியான தீர்ப்புகளும் உண்டு. மூன்றாம் நபர் நான்தான். வாயைத் திறக்கவில்லை.

"அதுவும் இல்லாம" என்று டீச்சர் தொடர்ந்தார், "முந்தின நாள் பூரா பட்டினி கெடந்த மனுசன். நானோ விழுப்புரத்துக்காரி, கோவத்துல ஒரு வாரமா பதில் போடாம இருந்தேன். சமாதானத்துக்கு ஒரு வரி எழுதினாரு. உங்கள்ல யாரு பொண்டாட்டிய சமாதானம் பண்ணாதவரு, கைதூக்குங்க பாப்போம்."

ஒருவரும் கையைத் தூக்கவில்லை. செயலாளர் அட்டவணையின் கீழே 'ஆட்சேபமில்லை' என்று எழுதி என்னிடம் நீட்டினார். "சமாதானப் பேச்சுல ஒத்துக்கிட்டது சாட்சியத்துல செல்லாதுங்க" என்று தனக்கே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, படத்தை எடுத்துத் திருப்பினார். ஆணி ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது. திறப்பு விழா என்று தனியாக எதுவும் இல்லாமல் அப்போதே மாட்டினார்கள். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்ததை டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிச் சரிசெய்ய வைத்தார்.

கோப்பில் கடைசியாகத் தொண்ணூற்றேழு இருந்த இடத்தில், 'உரியவரிடம் திருப்பித் தரப்பட்டது' என்று எழுதிய சீட்டைக் கோர்த்தேன். வகை என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்தேன். 'சொந்தம்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வேலையில் இருந்த காலத்தில் இவ்வளவு சந்தேகத்தோடு எதிலும் கையெழுத்திட்டதில்லை. இருந்தும் மனம் நிம்மதியாகவே இருந்தது.

டீச்சரை பஸ் ஏற்றிவிடப் போனேன். மேம்பாலத்துக்குக் கீழே விழுப்புரம் பஸ்ஸுக்காக நிற்கும்போது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சமாதானத்துக்குத்தான் எழுதினாருங்களா டீச்சர்?"

"அவரா?" என்றார். "எனக்கு சந்தோசம் வரட்டும்னு அந்த மனுசன் ஒரு வரி எழுதினதில்ல சார். புடவைக்கே மூணுன்னு நம்பர் போட்டவரு. அது மனசார எழுதினது. அதனாலதான் எனக்கு வேணும்."

பெற்றுக்கொண்டதற்கான ரசீதை நீட்டினேன். கைப்பையைத் தாங்கலாக வைத்துக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை கண்ணாடி சரியாகி வந்திருந்ததால், ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டார். நாற்பத்தொரு கடிதங்களையும் கட்டாகக் கொடுத்தேன். பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கையை உயர்த்தியதை அவர் பார்க்கவில்லை. கட்டின் நூலை அவிழ்த்து, எண்களைத் தள்ளிக்கொண்டே போய், வேண்டியதை உருவி எடுத்துப் பிரித்திருந்தார்.