போணி ஆகாமல் எழுந்திருக்காத மனுஷன்

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. ஆணி, பூட்டு, வாளி, கயிறு விற்கிறோம். அங்கே என் வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம்: காலையில் முதல் வியாபாரம், அதுதான் போணி, ஆகாமல் கடையை மூடக் கூடாது. மூடினால் அந்த வருஷமே விளங்காதாம்.

ஒரு நாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அவர் கதிரையில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டார். பல்வலி என்றார். அப்புறம் இடது கை இழுக்கிறது என்றார். வெளியே பனி, நான் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் சட்டையோ வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாய்வுதான். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ தா."

வாய்வு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணனுக்கும் இதே வேர்வைதான். குடும்பமே சுற்றி நின்று இஞ்சி, பூண்டு, பெருங்காயம் என்று கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவர் உயிரோடு இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று நினைத்திருந்த கூட்டம் நாங்கள்.

"இஞ்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது ஹார்ட் அட்டாக். அசையாம இருங்க!" என்று கத்திவிட்டு அம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

வண்டி வந்தது. தூக்கப் போனால் இந்த மனுஷன் மேசைக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்.

"போணி ஆகலயே. ஒரு ஆள் வரட்டும்."

அழுவதா, அறைவதா? கைப்பையில் இருந்த ஒரு நோட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

"மொதலாளி, பெரிய பூட்டு ஒண்ணு குடுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பழக்கதோஷம், கை தானாக எழுந்து நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மேசைக்காலை விட்டுவிட்டார். அவரை வண்டியில் ஏற்றினார்கள். நான் வாங்கிய பூட்டை எடுத்து, அதனாலேயே கடையைப் பூட்டிவிட்டு நானும் ஏறினேன்.

கண்டி பெரியாஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்கம்மா" என்றார் டாக்டர். வராந்தாவில் நின்று விசிலடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அண்ணனைப் பறிகொடுத்தவள், இவரை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அழுதேன், வாய்விட்டே அழுதேன்.

இப்போது அவர் மறுபடியும் கடையில் உட்காருகிறார். நேற்றுக் காலை நான் போய்ச் சேரும்போது, ஆணி வாங்க வந்த ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே இவர் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"கொஞ்சம் பொறுங்க. எங்க வீட்டம்மா வந்துதான் போணி."